மறுவெளியீட்டு உருமாறும் ரோபோ பொம்மை: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

பழைய உருமாறும் ரோபோ ஒன்று மறுபடி வரப்போகிறது என்ற அறிவிப்பைப் பார்த்ததும் கை பரபரக்கும். விலை அதிகமா, குறைவா என்று யோசிப்பதற்குள் ப்ரீ-ஆர்டர் பொத்தானை அழுத்தியிருப்போம். புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று ஒரே இடத்தில் யாரும் சொல்லி வைக்கவில்லை. துண்டு துண்டாகப் பொறுக்கித்தான் நான் தெரிந்துகொண்டேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற உருமாறும் ரோபோ வரிசையிலிருந்து வரும், மறுவெளியீடு அதிகம் நடப்பது அங்கேதான். முறை எந்த வரிசைக்கும் பொருந்தும்.

1. எந்த வகை மறுவெளியீடு என்று முதலில் கண்டுபிடியுங்கள்

பெட்டியில் ஒரே பெயர், ஒரே படம் இருக்கும். உள்ளே இருக்கும் பொருள் வேறு வேறாக இருக்கலாம். இந்த வகை தெரியாத வரை விலை நியாயமா இல்லையா என்று சொல்லவே முடியாது.

முதல் வகை, பழைய அச்சிலேயே மறுபடி வார்த்தது. ஜப்பானிய பொம்மை நிறுவனம் டகாரா டோமி 2007-ல் தொடங்கிய என்கோர் வரிசை இப்படிப்பட்டது. பழைய பொம்மையின் நல்லது கெட்டது எல்லாம் அப்படியே வரும்.

இரண்டாவது, பழைய அச்சுதான், ஆனால் பாதுகாப்பு விதிக்காக வெட்டி ஒட்டியது. அமெரிக்க நிறுவனம் ஹாஸ்ப்ரோ 2002-ல் அங்கே கமெமரேட்டிவ் சீரிஸ் என்று விட்ட, லாரியாக மாறும் ஆப்டிமஸ் பிரைமில் லாரியின் புகைக்குழாய்கள் குட்டையாகிவிட்டன. அதே வரிசையில், போர்விமானமாக மாறும் ஸ்டார்ஸ்க்ரீமுக்கு ஏவுகணைகள் நீண்டுவிட்டன, குழந்தை விழுங்கக் கூடாது என்பதற்காக. படத்தில் பார்த்தால் சின்ன விஷயம். அலமாரியில் வைத்தால் கண்ணில் முதலில் படுவது அந்தக் குட்டைக் குழாய்தான்.

மூன்றாவது, முழுக்கப் புதிய அச்சு, பழைய முகம். 2024-ல் வந்த மிஸ்ஸிங் லிங்க் கான்வாய் அப்படி. பார்க்க 1984 பொம்மை மாதிரியே இருக்கும், ஆனால் பழையதில் இல்லாத ஜாயிண்டுகள் உள்ளே சேர்ந்திருக்கும். ஆப்டிமஸ் பிரைமுக்கு ஜப்பானில் கான்வாய் என்று பெயர். தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

நான்காவது, அச்சு பழையது, நிறம் மட்டும் புதியது: கார்ட்டூன் நிறம், கறுப்பு நிறம், முழுக் குரோம் என்று பல பெயரில் வரும். இதில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. அசல் நிறத்தில் ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவருக்குத்தான் இது. முதல் பொம்மையாக இதை வாங்காதீர்கள்.

விற்பனைப் பக்கத்தில் வகை தெளிவாக இல்லை என்றால் விற்பவரிடம் ஒரே கேள்வி போதும்: எந்த வரிசை, எந்த ஆண்டு? பதில் சொல்லத் தெரியாதவரிடம் விலை பேச வேண்டாம்.

2. எதற்கு வாங்குகிறீர்கள்?

கையில் வைத்து உருமாற்றவா, அலமாரியில் நிறுத்தவா, பெட்டி பிரிக்காமல் வைக்கவா? கையில் வைத்து விளையாட என்றால் ஒரு விஷயம். 1980-களின் ரோபோக்கள் நிற்கும், கையைத் தூக்கும், அவ்வளவுதான். இன்றைய பொம்மைகளைப் போல முட்டி மடக்கி, இடுப்பைத் திருப்பி நிறுத்த வராது. பழைய அச்சு மறுவெளியீட்டை வாங்கிவிட்டு 'அசையவே மாட்டேன் என்கிறதே' என்று புலம்புவோரை அடிக்கடி பார்க்கலாம். அவர்களுக்கு வேண்டியது மூன்றாவது வகை, அல்லது மாஸ்டர்பீஸ் வரிசை போல, அதே பாத்திரத்தைப் புதிதாக வடிவமைத்தது.

3. அசலோடு ஒப்பிட்டு, மாறியவற்றைத் தாளில் எழுதுங்கள்

மனதில் வைத்துக்கொண்டால் போதாது. எழுதினால்தான் விலையோடு பொருத்திப் பார்க்க முடியும். நான் பார்க்கும் வரிசை இது.

உலோகம்: அசலில் டை-காஸ்ட் (அச்சில் வார்த்த உலோகம்) இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக்கா? எடை குறைந்தால் கையில் எடுக்கும்போதே தெரியும். அசலிலேயே உற்பத்தி நடுவில் உலோகத்தைப் பிளாஸ்டிக்காக மாற்றியதும் உண்டு. எனவே 'அசலில் உலோகம்தான்' என்று யாராவது அடித்துச் சொன்னால் எந்த உற்பத்திச் சுற்று என்று கேளுங்கள்.

குரோம்: பம்பர், துப்பாக்கி, எஞ்சின் போன்றவற்றில் பளபளப்பாக இருப்பது. துண்டுகளை வார்க்கும்போது அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்த இடத்தில் சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். அது இயல்பு, குறை கிடையாது. பரப்பு முழுக்க மங்கலாக, சாம்பல் பூத்தது போல் இருந்தால் அதுதான் குறை.

டயர்: ரப்பரா, பிளாஸ்டிக்கா.

ஸ்பிரிங்: ஏவுகணை பாயுமா, சும்மா நழுவி விழுமா. பல மறுவெளியீடுகளில் ஸ்பிரிங்கை வேண்டுமென்றே தளர்த்தியிருப்பார்கள். எனக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஆனால் சிலருக்கு இதுதான் உயிர்.

ஸ்டிக்கர்: ஒட்டியே வருகிறதா, தனித்தாளாக வருகிறதா, அல்லது அச்சடித்தே விட்டார்களா. அச்சடித்தது ஓரம் தூக்காது. ஸ்டிக்கர் ஒட்டுவது பிடிக்கும் என்பவர்களுக்குத் தனித்தாள்தான் சுகம்.

உதிரிகள்: இங்கேதான் மறுவெளியீட்டின் உண்மையான மதிப்பு இருக்கிறது. 1984 ஆப்டிமஸின் கை முஷ்டிகள் தனித் துண்டுகள். மணிக்கட்டில் செருக வேண்டும். லாரியாக மாற்றும்போது கழற்ற வேண்டும். விரல் நுனி அளவுதான் இருக்கும். நாற்பது ஆண்டு கழித்துக் கிடைக்கும் பழைய ஆப்டிமஸ்களில் காணாமல் போவதும் முதலில் அதுதான். ஸ்டார்ஸ்க்ரீமுக்கும் முஷ்டிகள் தனி. இறக்கைகளும் ஏவுகணைகளும்கூடத் தனி. கேசட் பிளேயராக மாறும் சவுண்ட்வேவின் பேட்டரி மூடியும் இப்படிக் காணாமல் போகும் பொருள். மறுவெளியீட்டில் இவை எல்லாம் பைக்குள் ஒன்று விடாமல் இருக்கும். பழையதை மலிவாக வாங்கி, முஷ்டி, துப்பாக்கி என்று ஒவ்வொன்றாகத் தேடி முடிப்பதற்குள் மறுவெளியீட்டின் விலையைத் தாண்டிவிடும்.

4. ஜாயிண்டைப் பாருங்கள், பெயிண்ட்டை அப்புறம் பார்க்கலாம்

விற்பனைப் படங்கள் எல்லாம் பெயிண்ட்டைக் காட்டும். உருமாறும் பொம்மை உயிர் வாழ்வது கீல்களில். அதனால் வீடியோ விமர்சனம் பார்க்கும்போது சத்தத்தை நிறுத்திவிட்டு விமர்சகரின் விரல்களை மட்டும் கவனியுங்கள்.

ஒரு கையால் பிடித்து மறு கையால் சுலபமாகத் திருப்புகிறாரா, அல்லது கட்டை விரலை அழுத்திப் பல்லைக் கடிக்கிறாரா? நிறுத்தி வைத்த கை தானாகக் கீழே சரிகிறதா? உருமாற்றி முடித்த பிறகு இரண்டு பாதிகளுக்கு நடுவே கோடு போல இடைவெளி தெரிகிறதா, அதை மறுபடி மறுபடி அழுத்திச் சேர்க்கிறாரா? ஒரே இடைவெளியை மூன்று வெவ்வேறு விமர்சகர்களிடம் பார்த்தால் அது அச்சின் தேய்மானம். ஒருவரிடம் மட்டும் பார்த்தால் அவருக்குக் கிடைத்த துண்டின் குறை.

அச்சு தேய்வது என்றால் என்ன என்று கேட்கலாம். ஒரே உலோக அச்சில் திரும்பத் திரும்பப் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தும்போது ஓரங்கள் மழுங்கும், இரண்டு பாதி அச்சும் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் மெல்லிய சவ்வு போலப் பிதுங்கும். பொம்மையின் பக்கவாட்டில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் விளிம்பு அதுதான். முகத்தில் வாய் மறைப்பின் கோடுகள் மங்கி, கண்களின் ஓரம் உருண்டையாகத் தெரிந்தால் அச்சு களைத்துவிட்டது என்று அர்த்தம். பெரிய படத்தில் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். மீதியை முகமே சொல்லிவிடும்.

இன்னொன்று, நிறம் வெளுத்த கோடுகள். அடர் நிறப் பிளாஸ்டிக்கில் பின் செருகிய இடத்தைச் சுற்றி வெள்ளைக் கீறல் போலத் தெரிந்தால் அங்கே அழுத்தம் ஏறியிருக்கிறது. இன்று உடையாது, பத்தாவது முறை உருமாற்றும்போது உடையும். புதுப் பெட்டியிலேயே இது இருந்தால் மாற்றிக் கேட்க வேண்டும்.

முதல் சுற்று உற்பத்தியில் குறை என்று பேச்சு அடிபட்டால் காத்திருங்கள். இரண்டாம் சுற்றில் சத்தமில்லாமல் சரிசெய்வது உண்டு.

5. மூன்று விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

ஒன்று, உதிரிகள் முழுதாக உள்ள, பெட்டி இல்லாத அசல். இரண்டு, மறுவெளியீடு. மூன்று, அதே பாத்திரத்தின் நவீன வடிவம். விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், அது விற்பவரின் ஆசை. ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கும். அந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

என் கணக்கு இது. மறுவெளியீட்டின் மொத்தச் செலவு முழுமையான அசலின் விலையில் பாதிக்குள் இருந்தால் தயங்காமல் வாங்குவேன். முக்கால்வாசியைத் தாண்டினால் அசலையே தேடுவேன். நடுவில் இருந்தால் 3-ஆம் படியில் எழுதிய தாள் முடிவு செய்யும். நவீன வடிவத்தையும் சும்மா விடாதீர்கள். மாஸ்டர்பீஸ் வரிசை 2003-ல் தொடங்கியது. அதில் 2011-ல் வந்த எம்பி-10 கான்வாயும் மறுபடி மறுபடி வந்துகொண்டிருக்கிறது. பாத்திரம்தான் முக்கியம், பழைய பொம்மையின் உருவம் முக்கியமில்லை என்பவர்களுக்கு அதுவே போதும்.

மொத்தச் செலவு என்று சொன்னேன் இல்லையா, அதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். பொம்மை விலையோடு உள்நாட்டு அனுப்புச் செலவு, இடைத்தரகு சேவை இருந்தால் அதன் கட்டணம், அட்டையில் நாணய மாற்றுக்கு வங்கி பிடிப்பது, சர்வதேச கூரியர், சுங்க வரி, கூரியர்காரர் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு வாங்கும் கட்டணம் என்று இவ்வளவும் சேரும்.

கூரியரில் கவனிக்க வேண்டியது பருமன் எடை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பெரிய கூரியர் நிறுவனங்களின் வழக்கம். 45×30×20 அளவுள்ள பெட்டி 5.4 கிலோ என்று கணக்காகும், தராசில் ஒன்றரைக் கிலோதான் காட்டினாலும். டிரெய்லரோடு வரும் ரோபோக்களின் பெட்டி பெரிது, உள்ளே பாதி காற்று. ஆர்டர் போடும் முன் பெட்டி அளவைக் கேட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள்.

6. எப்போது வாங்குவது

மறுவெளியீடு பெரும்பாலும் பல மாதம் முன்பே அறிவிக்கப்படும். ப்ரீ-ஆர்டர் விலை, வெளிவந்த வாரத்து விலை, ஆறு மாதம் கழித்த விலை மூன்றும் வேறு வேறு. 'இப்போது விட்டால் எப்போதும் கிடைக்காது' என்ற பயம்தான் பெரிய எதிரி. பழைய அச்சுக் கான்வாய் 2000-லும் வந்தது, 2002-லும் வந்தது, 2007-ல் என்கோராகவும் வந்தது. அடிக்கடி வரும் பாத்திரத்துக்கு அவசரம் தேவையே இல்லை.

சிலவற்றுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. 1985 ஜெட்ஃபயரின் அச்சு டகடோக்கு நிறுவனம் மேக்ராஸ் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் வால்கிரி விமானத்துக்காகச் செய்தது. பின்னர் பண்டாய் என்ற இன்னொரு பொம்மை நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அதே 1/55 அளவு வால்கிரியை 2000-களின் தொடக்கத்தில் பண்டாய்தான் மறுவெளியிட்டது. ஜெட்ஃபயர் என்ற பெயரில், அந்தப் பழைய உருவத்தில் ஹாஸ்ப்ரோ மறுவெளியீட்டுக்குக் காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு அவசரப்படுங்கள்.

ப்ரீ-ஆர்டரில் ஒரு பொறி. பல ஜப்பானியக் கடைகள் பொருள் கடைக்கு வந்த பிறகுதான் பணம் எடுக்கும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் கடைகளும் உண்டு. பேபால் வழியாகக் கட்டினால் புகார் கொடுக்க, கட்டிய நாளிலிருந்து 180 நாள் அவகாசம். வெளியீடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால் பொம்மை வருமுன் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும். தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், 'அடுத்த மாதம் கட்டாயம் அனுப்புகிறோம்' என்ற மின்னஞ்சலை நம்பி அந்த நாளைத் தாண்டாதீர்கள்.

7. டூப்ளிகேட்டும், பழசு என்று விற்கப்படும் புதுசும்

இரண்டும் வேறு வேறு ஏமாற்று. டூப்ளிகேட் என்பது அனுமதியில்லாமல் நகலெடுத்த பொம்மை. பெரும்பாலும் பெட்டியைக்கூட நகலெடுத்திருப்பார்கள். விலை ஒன்றே நல்ல எச்சரிக்கை: எல்லாக் கடையிலும் தீர்ந்துவிட்ட பொருள் ஒருவரிடம் மட்டும் பாதி விலைக்கு, எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கிறது என்றால் யோசியுங்கள். ஸ்க்ரூக்களின் தலை, உரிமைக் குறி பதித்த இடம், பெட்டியின் சின்ன எழுத்து மூன்றையும் நெருக்கமாகப் படம் கேளுங்கள். டூப்ளிகேட்டில் பல நேரம் உரிமைக் குறியை அச்சிலிருந்து நீக்கியிருப்பார்கள். அந்த இடம் மொழுக்கென்று இருக்கும்.

இரண்டாவது ஏமாற்றில் பொருள் உண்மையானதே. மறுவெளியீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஸ்டிக்கரைத் தேய்த்து, '1984 அசல்' என்று விற்பார்கள். பொம்மையில் பதித்திருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். அது வடிவமைப்பு உரிமையின் ஆண்டு; பல மறுவெளியீடுகளிலும் அதே ஆண்டு அப்படியே இருக்கும். எந்த நாட்டில் செய்தது என்பது கொஞ்சம் உதவும். 1984-ன் அசல்கள் பெரும்பாலும் ஜப்பானில் செய்தவை. 2000-க்குப் பின் வந்தவை பெரும்பாலும் சீனாவில். வெள்ளைப் பிளாஸ்டிக்கும் சாட்சி சொல்லும். அல்ட்ரா மேக்னஸ் என்ற ரோபோவின் உள்ளே இருக்கும் வெள்ளை லாரி காலப்போக்கில் மஞ்சளடிக்கும். நாற்பது வயதான வெள்ளை பளிச்சென்று இருந்தால் ஒன்று யாரோ ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்திருக்கிறார்கள், அல்லது அது நாற்பது வயதானதே இல்லை.

8. சுங்கமும் காகிதங்களும்

விற்பனைப் பக்கத்தை முழுதாகப் படமெடுத்து வையுங்கள், பின்னால் விவரத்தை மாற்றிவிடுவார்கள். என்னிடம் ஒரு விற்பனையாளர் இரண்டாம் வகை ஆப்டிமஸை அனுப்பிவிட்டு, 'முழு நீளக் குழாய் என்று நான் சொல்லவே இல்லையே' என்றார்; பக்கத்திலிருந்து அந்த வரி காணாமல் போயிருந்தது. படம் இருந்ததால் பணம் திரும்பியது. அதோடு ஆர்டர் உறுதி, பணம் கட்டிய ரசீது, கண்காணிப்பு எண், விற்பவரின் செய்திகள் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும்.

'சுங்கத்துக்காகப் பரிசு என்று எழுதி, விலையைக் குறைத்துப் போடட்டுமா?' என்று விற்பவரே கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். வழியில் தொலைந்தால் காப்பீடு அந்தக் குறைத்த விலைக்கு மேல் தராது.

மெகாட்ரான் தனிக் கதை. பழைய மெகாட்ரான் வால்தர் பி38 கைத்துப்பாக்கியாக மாறும். துப்பாக்கி போலத் தோன்றும் பொம்மைகளுக்கு அமெரிக்காவில் 1988 சட்டப்படி ஆரஞ்சு நிற முனை வேண்டும். வேறு பல நாடுகளிலும் கட்டுப்பாடு உண்டு. சுங்கத்தில் பறிமுதல் ஆனால் விற்பவர் பணம் தரமாட்டார். உங்கள் நாட்டு விதியை எழுத்தில் பார்த்த பிறகே ஆர்டர் போடுங்கள்.

9. பெட்டி வந்த நாளில்

கூரியர் அட்டையைப் பிரிக்கும்போதே வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். குளிர்ந்த இடத்திலிருந்து வந்திருந்தால் சில மணி நேரம் அறை வெப்பத்தில் விட்டுவிட்டு அப்புறம் கை வையுங்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் சட்டென்று உடையும். உதிரிப் பைகளைக் குறிப்புத் தாளோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். இரண்டு கையும் இடது கையாகவே வருவது நடக்காத விஷயமில்லை. ஸ்க்ரூத் துளைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

முதல் உருமாற்றத்தைக் குறிப்புத் தாளைப் பார்த்து மெதுவாகச் செய்யுங்கள். ஓரிடத்தில் சிக்கினால் அழுத்தாதீர்கள், ஒரு படி பின்னால் போங்கள்; பெரும்பாலும் முந்தைய படி ஒன்று முழுதாக முடிந்திருக்காது. திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், ஒட்டிய பொம்மையை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. ஒட்டும் முன் அந்தத் தாளை, பக்கத்தில் அளவுகோல் வைத்து, நல்ல தெளிவில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.